தரையில் யார் இருந்தார்கள்?

எங்கள் பழைய அலுவலகத்துப் பையன்கள் போன வாரம் ஒரு சந்தேகம் கேட்டார்கள். இலகுரக விமானத்தில், அதாவது அலுமினியக் குழாயும் துணியுமாக இருக்கும் அந்த ஒற்றை இருக்கை வண்டியில், பறந்த மணிகளை விமானி உரிமத்துக்கான கணக்கில் சேர்க்கலாமா? எவ்வளவு சேர்க்கலாம்? விதி மறுபடியும் மாறப் போகிறதாம். ஓய்வு பெற்ற ஆசாமி நாலு வரி எழுதினால் உபயோகமாக இருக்குமாம்.

நாலு வரி எனக்கு வராது. போனில் தட்ட ஆரம்பித்தால் என் கட்டை விரல் நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். விதியை நீங்களே படித்துக்கொள்ளலாம். நான் சொல்லப் போவது ஒரகடத்து ஏகாம்பரம் பற்றி. அவனுடைய மணிகளைக் கூட்டிப் பார்த்தவர்கள் இரண்டே பேர். அதில் மிச்சமிருப்பவன் நான் மட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். கையில் இயற்பியல் பட்டம், காலில் பெல்பாட்டம், சட்டைப் பையில் கறுப்புக் கண்ணாடி. விமானம் என்றால் நானே ஓட்டப் போகிறவன் மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். மீனம்பாக்கம் பக்கத்தில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் உட்கார வைத்து, கூட்டல் போடச் சொன்னார்கள். யார் எத்தனை மணி பறந்தார்கள், ஆசிரியரோடு எத்தனை, தனியாக எத்தனை, எந்த வண்டியில் எத்தனை. பெரிய விமானத்துக்குச் சக்கரம் நகர்ந்ததிலிருந்து சக்கரம் நிற்கும் வரை கணக்கு. இலகுரகத்துக்கு அப்படி இல்லை, சக்கரம் தரையை விட்ட பிறகுதான். பயிற்சி என்று சொல்ல இவ்வளவுதான். மீதியை தேவசகாயம் சாரிடம் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

தேவசகாயம் எங்கள் பரிசோதகர். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். விமானப் படையில் பறக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தவர், ஆசிரியர் உரிமம் இன்னும் கையில் இருந்தது. உயரமானவர், ஒல்லி, எப்போதும் பல்வலி வந்தவர் போல ஒரு முகம். போகிற இடத்துக்கெல்லாம் மடக்கு ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவார். யார் நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். கேள்வி முடிகிற வரைக்கும் டீ குடிக்க மாட்டார். "குடிச்சா நன்றி வந்திரும் வே," என்பார்.

அவருடைய பரிசோதனை ஒரே முறைதான். விண்ணப்பித்தவனின் மொத்த மணியில் ஏதோ ஒரு மணியை விரல் வைத்துக் காட்டுவார். அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே, வெட்டவெளியில், எல்லாரும் பார்க்க நிற்க வைத்து, "இந்த ஒரு மணியைச் சொல்லும்," என்பார். புறப்பட்டதிலிருந்து இறங்கியது வரைக்கும் சொல்ல வேண்டும். பறக்காமலே பேனாவால் எழுதிச் சேர்த்த மணிக்கு எங்கள் அலுவலகத்தில் பேனா மணி என்று பெயர். பேனா மணிக்காரன் இந்தக் கேள்வியில் அகப்பட்டுக்கொள்வான்.

ஒருமுறை ஒரு பெரிய வீட்டுப் பையன் வந்தான். வெளிநாட்டு சென்ட் வாசனை அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"சாயங்காலம் போனீரே, சூரியன் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டார் தேவசகாயம்.

"முன்னாடிதான் சார்."

"எவ்வளவு நேரம்?"

"ஃபுல்லா சார். கண்ணு கூசிச்சு."

"ஒரு மணி நேரமும் மேற்கையே பாத்து போனீரு. அப்பம் ராணிப்பேட்டையைத் தாண்டிருப்பீரே வே. திரும்பி எப்படி வந்தீரு, பஸ்லயா?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பையனின் விண்ணப்பத்தை மடித்து அவன் கையிலேயே கொடுத்து, "பறந்துட்டு வாரும்," என்றார்.

இலகுரக வண்டிகள் அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கம் தலைகாட்ட ஆரம்பித்திருந்தன. அவற்றுக்கு விதி தளர்வு. ஓட்ட உரிமம் வேண்டாம், பதிவு எண் வேண்டாம். ஊருக்கு மேலேயும் சாலைக்கு மேலேயும் போகக் கூடாது. இன்னொன்று: அங்கீகாரம் பெற்ற ஓர் ஆசிரியர் தரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப் பறந்த மணியை மட்டும், தனியார் விமானி உரிமத்துக்கு வேண்டிய மொத்தத்தில் பாதி வரைக்கும் சேர்த்துக்கொள்ளலாம்.

தரையில் ஆசிரியர் எதற்கு என்று நான் ஒருமுறை தேவசகாயத்திடம் எகத்தாளமாகக் கேட்டேன். வண்டியில் ஒரு சீட்டு, மேலே போனவனுக்கு கீழே இருக்கிறவன் என்ன செய்துவிட முடியும்? அவர் வேறு மாவட்டத்தில் நடந்த ஒன்றைச் சொன்னார். ஒரு பையன் யாருக்கும் சொல்லாமல் காலையில் இலகுரகத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். கம்பி ஒன்று அறுந்து சோளக்காட்டுக்குள் விழுந்திருக்கிறான். இடுப்பு உடைந்தது, உயிர் போகவில்லை. அவன் போனதே யாருக்கும் தெரியாததால் யாரும் தேடவில்லை. புல் அறுக்க வந்தவர்கள் மறுநாள் பார்த்தபோது முடிந்துவிட்டது. விசாரணைக்குப் போனவர் இவர்தான்.

"அவன் கையால சுத்தி இருந்த சோளத்தட்டை எல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தான் வே. மேல இருந்து பாத்தா தெரியட்டும்னு. மேல யாரு இருக்கா பாக்க?"

அதற்கப்புறம் இலகுரகம் என்று யார் வந்தாலும் அவர் தவறாமல் கேட்பது, தரையில் யார் இருந்தார்கள் என்பதைத்தான்.

ஏகாம்பரத்தின் விண்ணப்பம் ஒரு சித்திரை மாதத்தில் வந்தது. ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஏரி வற்றியதும் தரை சிமெண்ட் போட்ட மாதிரி காய்ந்து கிடக்கும். விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற, ஆசிரியர் அங்கீகாரமும் உள்ள ஒருவர், ஊரில் எல்லாரும் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள், இலகுரக வண்டி ஒன்றை வாங்கி அந்த ஏரித் தரையில் பறந்துகொண்டிருந்தார். என்ஜினைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது கிடைத்தவன் ஏகாம்பரம். பம்ப்செட் மெக்கானிக், விவசாயக் குடும்பம், முப்பது வயதுக்குள். கேப்டன் அவனுக்கும் பறக்கச் சொல்லிக் கொடுத்தார். முதலில் தரையிலேயே ஓட்டம், பிறகு ஒரு முழ உயரத் தாவல், பிறகு ஏரியைச் சுற்றி ஒரு வட்டம். கேப்டன் கரையில் நின்று பச்சைக் கொடி, சிவப்புக் கொடி காட்டுவார். கொஞ்ச நாளில் கேப்டனுக்கு நெஞ்சுவலி வந்து கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். வண்டியை ஏகாம்பரத்திடமே விட்டுவிட்டார். எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பார்.

ஏகாம்பரம் மூன்று கோடைகள் பறந்தான். முந்நூறு மணிக்கு மேல். உரிமத்துக்காக இலகுரகத்தில் காட்ட வேண்டியது முப்பது மணிகூட இல்லை. மீதிப் பாதியை நகரத்துப் பறக்கும் மன்றத்தில் பறக்கக் கேப்டன் பணம் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அவனுக்கு உரிமம் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்பேட்டைக்காக அந்தப் பக்கத்து நிலங்களை எடுக்கப் போவதாகப் பேச்சு அடிபட்ட காலம். ஏகாம்பரத்தின் குடும்ப நிலம் ஏற்கெனவே ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தது. பதிலுக்கு வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள். மூத்தவன் இவன், வேலை இவனுக்கு வந்தது. இவன் அதைத் தம்பி தணிகாசலத்துக்கு விட்டுக்கொடுத்தான். ஆந்திராவில் பயிருக்கு மருந்து தெளிக்கிற கம்பெனி ஒன்று, தனியார் உரிமம் கொண்டு வா, மேல்பயிற்சி நாங்கள் கொடுத்து விமானத்தில் வைத்துக்கொள்கிறோம் என்று இவனிடம் சொல்லியிருந்தது. அந்த மழைக்காலத்துக்குள் கொண்டு வர வேண்டும். அந்த ஒன்றை நம்பித்தான் கைக்கு வந்த வேலையைத் தம்பிக்குத் தள்ளினான்.

நாங்கள் போவதற்கு முன் கேப்டன் ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்து, தேவசகாயத்திடம் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அவன் எந்த நாளெல்லாம் நான் இருந்தேன்னு சொல்றானோ, அந்த நாளெல்லாம் நான் இருந்தேன். கையெழுத்துப் போடத் தயார்."

"நீங்க கோயம்புத்தூர்லல்லா இருந்திய?"

"ரயில் இருக்கே சார்," என்றார் கேப்டன். "அவன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். தலையாட்டியிருக்கான்."

கேப்டன் போன பிறகு தேவசகாயம் என்னிடம், "என்ன கேக்கணுமோ நான் கேப்பேன். என்ன சொல்லுதானோ எழுதுவேன். அவ்வளவுதான்," என்றார். அவர் அவ்வளவு தூரம் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. சோளக்காட்டைப் பார்த்த மனிதர்.

ஜீப் வழக்கம்போலப் பட்டறையில் இருந்தது. சிங்கப்பெருமாள் கோவில் வரை ரயில், அப்புறம் பஸ், அப்புறம் வெயிலில் நடை. ஸ்டூலை நான் தூக்கிக்கொண்டேன். ஏரிக்கரைக்குப் போனால் அங்கே திருவிழாக் கூட்டம். ஊர் பாதி வந்திருந்தது. ஆடு மேய்க்கிறவர்கள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், ஷிப்ட் முடிந்து அதே யூனிஃபார்மில் வந்த தணிகாசலமும் அவன் கூட்டாளிகளும். நடுவில் வண்டி. அதை ஊரில் கொசு என்றுதான் சொல்வார்கள். மஞ்சள் துணி இறக்கை, பின்பக்கம் என்ஜின், மூன்று சக்கரம். பக்கத்தில் ஏகாம்பரம், தலையில் எண்ணெய், வெள்ளைச் சட்டை, மார்பை நிமிர்த்திக்கொண்டு.

"வா சார், வா சார். இன்னா இவ்ளோ லேட்டு? காத்து மாறிடும்," என்றான். என்னைப் பார்த்து, "யாரு, அசிஸ்டென்ட்டா? காலேஜு படிச்சாரா? ஷூ அழுக்காயிடும் சார், பாத்து நடங்க," என்றான். எனக்கு முதல் பார்வையிலேயே அவனைப் பிடித்துப்போனது. என் மாதிரியே வாய்.

கூட்டத்தில் ஒருவன், "டேய் ஏகாம்பரம், ஒயுங்கா பதில் சொல்லு. இல்லாங்காட்டி மறுபடியும் பம்ப்செட்டுதான்!" என்றான்.

"மூட்றா. நீ போய் ஆட்ட ஓட்டு," என்றான் இவன்.

தேவசகாயம் ஸ்டூலை விரித்து உட்கார்ந்தார். பட்டியலில் விரல் வைத்தார். பங்குனி மாதத்து மதியம் ஒன்று, ஐம்பது நிமிடம்.

"இதைச் சொல்லும் தம்பி."

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, யோசிக்கவில்லை. அந்த மதியத்துக்குள் நேராக நடந்து போனான்.

"அன்னைக்கு மேக்கால இருந்து காத்து சார். சூடா. அந்தக் கோடியில இருந்து மேக்கப் பாத்து எடுத்தேன். சூளை கீது பாருங்க, அத்த தாண்டறப்போ கீய இருந்து ஒரு தூக்கு தூக்கும். வயித்துல ஒரு மாதிரி ஆவும். அப்பால ஏரி நடுவுல கொஞ்சம் தண்ணி இருந்திச்சு, அதுக்கு மேல வந்தா அப்டியே எறக்கிடும். அந்தப் பக்கம் ஒரு வூட்டுல வைக்கோலு எரிக்கறான். பொகை கெயக்கால சாஞ்சிகினு போவுது. நான் அத்தயே பாத்துகினு சுத்தறேன். திடீர்னு சார், பொகை நிமிந்துச்சு. நிமிந்து, அப்டியே திரும்பி மேக்கால சாஞ்சிடுச்சு. கடல் காத்து வந்துடுச்சு. அவ்ளோதான், எறங்கற பக்கத்த மாத்திகினேன். அந்தப் பக்கமே எறங்கி இருந்தா காத்து பின்னால இருந்து தள்ளிகினு போய் கரையில சாத்தி இருக்கும்."

தேவசகாயத்தின் பல்வலி முகம் கொஞ்சம் தளர்ந்தது. அவர் அப்படி ஒருவனைப் பார்த்து அதற்கு முன் தலையாட்டி நான் கண்டதில்லை.

"சரி. பறந்திருக்கீரு," என்றார். பிறகு, பட்டியலிலிருந்து நிமிராமலே, "அப்பம் தரையில யாரு இருந்தா?" என்றார்.

இதற்குப் பதில் இரண்டு சொல். கேப்டன் இருந்தார். ஏகாம்பரம் வாயைத் திறந்தான். அதற்குள் பின்னால் தணிகாசலத்தின் கூட்டாளி ஒருவன் கத்தினான்.

"கேப்டன்தான் கொடி ஆட்டுவாரு! அண்ணன் அவரு ஆட்ற பக்கம் போவாரு, எங்க வூட்டு மாடு மேரி!"

கூட்டம் சிரித்தது. தணிகாசலமும் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, அண்ணனைக் கிண்டல் செய்யும் தம்பியின் சிரிப்பு. ஆனால் மூன்று வருடமாக அந்த ஊர் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்புறம் தெரிந்தது. கேப்டனோட வண்டி, கேப்டனோட டிரைவர், கேப்டன் சாவி கொடுத்தால் பறப்பான்.

ஏகாம்பரத்தின் வாய் மூடிக்கொண்டது.

"நல்லா யோசிச்சுச் சொல்லும் தம்பி," என்றார் தேவசகாயம். "அந்த மதியம் தரையில நின்னு உம்மைப் பாத்துகிட்டிருந்தது யாரு?"

"யாரும் இல்ல சார்."

நான் தாங்க முடியாமல் குறுக்கே விழுந்தேன். "கேப்டன் அந்த மரத்து நிழல்ல இருந்திருப்பார். வெயில்ல நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. அப்படித்தானே?"

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அவனைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். அதுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது.

"இன்னா காலேஜு சார், மேல இருந்து சூளையில எத்தினி பேரு கீறாங்கன்னு சொல்லுவேன். மரத்தாண்ட மனுஷன் இருந்தா தெரியாதா எனக்கு?"

தேவசகாயம் மூன்றாவது முறை கேட்டார். இந்த முறை பட்டியல் முழுவதின் மேலும் கையை வைத்து, மெதுவாக, ஒரு ஜுரக்காரனிடம் கேட்கிற மாதிரி கேட்டார். "கேப்டன் ஊருக்குப் போன பொறவு, எந்த நாளாச்சும் அவரு வந்து நின்னாரா? ஒரு முப்பது மணி அளவுக்கு? ஆமான்னா ஆமான்னு சொல்லும்."

முப்பது என்ற எண்ணை அவரே எடுத்துக் கொடுத்தார். இதற்கு மேல் ஓர் அரசாங்க ஊழியர் செய்ய ஒன்றுமில்லை.

ஏகாம்பரம் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். எங்களுக்குச் சொல்லவில்லை, அவர்களுக்குச் சொன்னான்.

"அவரு இருந்தது ஆரம்பத்துல தாவ சொல்லிக்குடுத்தப்போதான். அப்பால எல்லாம் நான்தான். எடுத்ததும் நான், எறக்கனதும் நான். ஒரு கொடி இல்ல, ஒரு ஆளு இல்ல. முந்நூறு மணியும் நான் மட்டும்தான்."

கூட்டம் கை தட்டியது. கிண்டல் செய்தவன்தான் பலமாகத் தட்டினான். தணிகாசலம் ஓடிவந்து அண்ணனின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். ஏகாம்பரம் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தேவசகாயம் பேனா மூடியைத் திறந்து, அவன் சொன்னதை அப்படியே எழுதினார். டீ கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சண்டை போட்டேன். "கேக்காமலே விட்டிருக்கலாம் சார். இல்லன்னா தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஊரையே கூட்டி வெச்சுக் கேட்டா எந்த ஆம்பளை சொல்லுவான்?"

"எல்லாரையும் அப்படித்தான கேக்கேன்."

"அந்தச் சென்ட் பையனையும் இவனையும் ஒரே மாதிரி கேக்கணுமா?"

"நீரு சொல்லுதது சரிதான் வே," என்றார். நான் இன்னும் பேச வாயைத் திறந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேலிடத்துக்கு அவர் எழுதிய பரிந்துரையை நான்தான் தட்டச்சு செய்தேன். இந்த மனிதன் பறக்கத் தெரிந்தவன், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை, விதியைத் தளர்த்தி ஒரு பகுதியையாவது சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர் கையெழுத்தில் அப்படி வேண்டிக் கேட்ட தாள் வேறு எதுவும் நான் பார்த்ததில்லை. ஆடி பிறப்பதற்குள் பதில் வந்தது. ஆசிரியர் பார்வையில் நடந்த ஆரம்பத் தாவல்கள் மட்டும் செல்லும். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம். மற்றவை செல்லாது. அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. பார்வையாளர் இல்லாமல் மூன்று வருடம் பறந்ததாக அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான், ஆகவே அந்த வண்டியை முத்திரையிட்டு நிறுத்தவும் என்று இரண்டாவது பத்தி சொன்னது. வண்டி போனால் நாற்பது நிமிடத்தை முப்பது மணியாக்க அவனுக்கு வேறு வழி இல்லை. நகரத்துப் பறக்கும் மன்றத்தில் ஒரு மணி பறக்க ஆகும் செலவு அவன் வீட்டுக்கு ஒரு மாதச் சாப்பாடு.

முத்திரை போட நானும் தேவசகாயமும் போனோம். என் பையில் கம்பி, ஈய வில்லை, குறடு. இந்த முறை கூட்டம் இல்லை. ஏகாம்பரமும் தணிகாசலமும் மட்டும் வண்டியோடு நின்றார்கள். விஷயம் முன்பே எட்டியிருந்தது.

தணிகாசலம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், அன்னைக்கு நாங்கதான் சார் டமாஸ் பண்ணி அவர உசுப்பிட்டோம். அவரு சொன்னது பொய்யின்னு எழுதிக்கோங்க சார். கேப்டன் டெய்லி வந்தாருன்னு நான் சொல்றேன். ஊரே சொல்லும்."

"சும்மா இருடா," என்றான் ஏகாம்பரம். "சொன்னது சொன்னதுதான்." பிறகு தேவசகாயத்திடம், "ஆந்திராக்காரன் வேற ஆளப் போட்டுகினானாம் சார். அதான் பேஜாரு ஒண்ணும் இல்ல. போட்டுகினு போங்க," என்றான்.

தேவசகாயம் என் கையிலிருந்து குறடை வாங்கிக்கொண்டார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கம்பிகளை இழுத்துப் பார்த்தார், துணித் தையலைத் தடவிப் பார்த்தார். எல்லாம் அத்தனை சுத்தமாக இருந்தது. பிறகு ஸ்டூலை விரித்து, ஏரித் தரையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"முத்திரை இன்னும் போடல," என்றார். "ஆசிரியர் லைசென்ஸ் எங்கிட்ட இருக்கு. தரையில நான் இருக்கேன். பாத்துகிட்டிருக்கேன். எடுத்துட்டுப் போயி ஒரு சுத்து சுத்திட்டு வாரும்."

உத்தரவு கையில் இருக்கும்போது அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஏகாம்பரத்துக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை.

"இது கணக்குல வருமா சார்?"

"வரும். நான் எழுதுவேன்."

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். தணிகாசலம் கயிற்றை இழுக்க என்ஜின் பிடித்துக்கொண்டது. கொசு என்று சும்மா பெயர் வைக்கவில்லை, காதுக்குள்ளேயே வந்து கத்தியது. வண்டி தூசி கிளப்பிக்கொண்டு அந்தக் கோடிக்கு ஓடி, எங்களை நோக்கித் திரும்பி நின்றது. காற்று நன்றாக இருந்தது. வானத்தில் ஒரு தடங்கலும் இல்லை.

நின்றது நின்றபடியே இருந்தது.

"இன்னா பண்றாரு?" என்றான் தணிகாசலம். என்ஜின் சத்தம் ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது. வண்டி கொஞ்ச தூரம் ஓடி வந்தது. முன்சக்கரம்கூடத் தூக்கவில்லை. வேகம் குறைந்து, தரையிலேயே உருண்டு, எங்கள் எதிரில் வந்து நின்றது. ஏகாம்பரம் என்ஜினை நிறுத்தினான்.

"என்ன தம்பி? மிஷின்ல கோளாறா?"

"மிஷின் நல்லாத்தான் கீது சார்." அவன் கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டான். உள்ளங்கைகளைத் திருப்பி ஆச்சரியமாகப் பார்த்தான். "நீங்க பாத்துகினு கீறீங்கோ. இம்மாம் நாளு நம்மள யாரும் பாத்ததில்ல சார். எடுக்கலாம்னு போனா... தப்பா எடுத்துட்டா இன்னா நெனப்பாருன்னு ஒரு இது. கை வரல."

"இன்னொரு தபா போ அண்ணே," என்றான் தணிகாசலம். "நான் வேணா அந்தாண்ட போயிடறேன்."

ஏகாம்பரம் பதில் சொல்லாமல் இறங்கினான். என்ஜினுக்குப் பின்னால் போய், காத்தாடியின் இரண்டு கட்டைகளையும் கையால் பிடித்துக் குறுக்காக நிறுத்தினான்.

"இப்டி வெச்சிகினு கட்டுங்க காலேஜு சார். நேரா நிக்க வெச்சா காத்துக்கு ஆடி, கம்பிய அறுத்துகினு பூடும்."

நான் தேவசகாயத்திடமிருந்து குறடைத் திரும்ப வாங்கிக் கம்பியைக் கோத்தேன். ஈயத்தை நசுக்கும் வரை அவன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் அண்ணனும் தம்பியும் இறக்கைகளை முளைக்குச்சி அடித்துக் கயிறு போட்டுக் கட்ட ஆரம்பித்தார்கள். நாங்கள் கிளம்பியதை அவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பஸ்ஸுக்கு வெகுநேரம் நின்றோம். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். தேவசகாயம் ஸ்டூலை மடியில் குறுக்காக வைத்துப் பிடித்திருந்தார். தாம்பரம் தாண்டியதும், என்னிடம் இல்லை, ஸ்டூலிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்கணும் வே."